பள்ளத்தின் மேல் பழி

எங்கள் கொங்கு நாட்டில் பள்ளம் என்றால் குழி அல்ல. தஞ்சாவூர்க்காரர் ஒருவரிடம் "பள்ளத்தில் தண்ணீர் வந்துவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். தெருவில் எங்கோ மழை நீர் தேங்கியிருக்கிறது போலும் என்று எண்ணி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொள்வார். எங்கள் பக்கத்தில் ஒரு கிழவி அதையே சொன்னால், மேய்ச்சலுக்குப் போன ஆட்டையும் அதன் பின்னால் போன பையனையும் தேடிக்கொண்டு ஓட வேண்டும். மலையடிவாரத்தில் புறப்பட்டு, வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணலாகக் கிடந்து, மலையில் மழை பெய்த அன்று கரை புரண்டு வருகிற ஓடைக்கு எங்கள் ஊரில் பள்ளம் என்று பெயர்.

அகராதி வேலையில் நான் இறங்கியதற்குக் காரணம் உண்டு. சென்ற மாதம் இளைய நண்பர் ஒருவர் ஒரு கத்தைக் காகிதத்துடன் என் வீட்டுக்கு வந்தார். சர்க்கார் உத்தியோகம். இயற்கைப் பேரிடரைத் தணிக்கும் திட்டம் ஒன்றை அவருடைய அலுவலகத்தில் இந்த வருஷத்துக்காகப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஓர் அத்தியாயத்தைத் தமிழில் எழுதும் பொறுப்பு அவர் தலையில் விழுந்துவிட்டது.

"ஏனுங்கண்ணா, நீங்க எழுதறவங்க. நடையைக் கொஞ்சம் பார்த்துக் குடுத்தீங்கன்னா தேவலைங்க" என்றார்.

படித்தேன். நடையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளம், வறட்சி, நிலச்சரிவு, பூகம்பம் என்று வரிசையாகத் தலைப்புகள். தண்ணீர் தேங்கும் இடங்களின் பட்டியல். யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்தில் ஜனங்களைத் தங்க வைக்க வேண்டும் என்ற விவரங்கள். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளங்கள் அத்தனையும் அந்தக் காகிதத்தில் 'மழைநீர் வடிகால்' ஆகிவிட்டிருந்தன.

"பிழை ஏதாச்சும் இருக்குதுங்களாண்ணா?"

"இருக்குது தம்பி. முதல் வார்த்தையிலேயே இருக்குது. 'இயற்கை'ன்னு போட்டிருக்கீங்களே, அதுதான்."

"அட போங்கண்ணா. மழை இயற்கை இல்லீங்களா?"

அவருக்கு அன்று நேரமில்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவரிடம் சொல்ல நினைத்ததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

மழை இயற்கைதான். பூகம்பமும் இயற்கைதான். 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி கோயம்புத்தூரை உலுக்கிய பூகம்பத்துக்கு எந்த உத்தியோகஸ்தரும் ஜவாப்தாரி அல்ல. ஆனால் மழை பெய்வது ஒன்று; அந்த மழை ஒருவன் வீட்டுக்குள் நுழைவது வேறொன்று. முதலாவது வானத்தின் காரியம். இரண்டாவதற்கு ஒரு வரைபடமும், ஒரு கையெழுத்தும், ஒரு ரப்பர் முத்திரையும் வேண்டும்.

எங்கள் ஊர் மழைக்குப் பேர் போன ஊர் அல்ல. சென்னையில் ஒரு வருஷத்தில் பெய்வதில் ஏறக்குறையப் பாதிதான் இங்கே பெய்கிறது. இப்படிப்பட்ட ஊரில் வெள்ளம் வருகிறது என்றால் முதலில் வெட்கப்பட வேண்டும். அப்புறந்தான் மோட்டார் பம்பைத் தேட வேண்டும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் தாண்டிப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேருகிறது. அதன் குறுக்கே 32 அணைக்கட்டுகள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அணையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து குளம், ஒரு குளம் நிறைந்தால் அடுத்த குளம். கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் என்று ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இவற்றை வெட்டியவர்கள் வெள்ளத்துக்கு ஒரு கட்டு, வறட்சிக்கு ஒரு கட்டு என்று காகிதம் வைத்திருக்கவில்லை. ஐப்பசியில் பயமுறுத்துகிற தண்ணீர்தான் சித்திரையில் கிணற்றில் ஊறுகிற தண்ணீர் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2016-இல் பருவமழை பொய்த்து, மறு வருஷம் சிறுவாணி அணை வற்றிக் குழாயில் வெறும் காற்று வந்தபோது நமக்கும் அது தெரிந்தது. அடுத்த மழை பெய்ததும் மறந்துவிட்டோம்.

அந்தக் குளங்களுக்கும் பள்ளங்களுக்கும் நாம் செய்த உபகாரம் என்ன? வாலாங்குளத்தை ரயில் பாதையும் புறவழிச் சாலையும் வகிர்ந்துகொண்டு போகின்றன. சங்கனூர்ப் பள்ளம் மேற்கு மலையடிவாரத்திலிருந்து வந்து, நகரத்தின் நடுவே நுழைந்து, சிங்காநல்லூர்க் குளத்தைத் தேடிப் போகிறது. வழிநெடுக அதை நெருக்கினோம். சாக்கடையை அதில் திருப்பிவிட்டோம். கடைசியில் பெயரையும் மாற்றினோம். 'வடிகால்' என்று ஆன பிறகு அதற்குக் கரை கிடையாது, மணல் கிடையாது, வருஷத்தில் ஒரு நாள் கை காலை நீட்டிப் படுக்கும் பாத்தியதை கிடையாது. மூன்றடிக் குழாய் போதும் என்று கணக்குப் போட்டுவிடலாம். பிறகு ஒரு நாள் பள்ளம் பள்ளமாகவே வருகிறது. நாமும் 'எதிர்பாராத கனமழை' என்கிறோம்.

மழை நாளில் லங்கா கார்னரிலும் கிக்கானி பள்ளிப் பாலத்தடியிலும் வண்டிகள் மிதப்பதைப் படம் எடுத்துச் சிரிக்கிறோம். அங்கே கெட்டுப்போவது பெரும்பாலும் காரின் எஞ்சின். எல்லா இடத்திலும் நஷ்டம் எஞ்சினோடு நின்றுவிடுவதில்லை.

2019 டிசம்பர் 2. மேட்டுப்பாளையம் நடூரில் இரவெல்லாம் மழை. விடிவதற்கு முன்னால், வசதியான வீடு ஒன்றின் உயர்ந்த கருங்கல் சுற்றுச்சுவர் பக்கத்திலிருந்த ஓட்டு வீடுகளின் மேல் சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டார்கள். குழந்தைகளும் பெண்களும் அவர்களில் உண்டு. எல்லோரும் தாழ்த்தப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மழைக்குப் பதினேழு பேர் பலி என்று சொன்னவர்களும் உண்டு. நான் கேட்கிறேன்: மழை என்றைக்குக் கல் சுமந்தது? அந்தச் சுவர் ஆபத்து என்று முன்பே முறையிட்டோம் என அங்குள்ள ஜனங்கள் அழுதுகொண்டே சொன்னார்கள். பிறகு சுவரின் சொந்தக்காரர் மேல் வழக்கு வந்தது. சரி. அந்தச் சுவர் நின்ற காலமெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே போய் வந்த கண்களின் மேல் என்ன வந்தது?

தண்ணீர் தேங்கும் இடங்களுக்குப் பட்டியல் போடுகிறவர்கள், விழக் காத்திருக்கும் சுவர்களுக்கும் ஒரு பட்டியல் போடட்டும். மேகத்தை அளக்கக் கருவி வேண்டும். சுவரை அளக்க ஒரு நூல் குண்டு போதும்.

"எழுத்தாளர் உணர்ச்சிவசப்படுகிறார், சட்டம் தெரியாதவர்" என்று யாராவது சொல்லக்கூடும். சட்டத்தையும் பார்த்துவிடலாம். 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பேரிடர் என்பதற்கு இலக்கணம் சொல்லும்போது இயற்கைக் காரணத்தோடு நிறுத்தவில்லை. மனிதன் உண்டாக்கிய காரணம், விபத்து, அஜாக்கிரதை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறது. மாவட்டத் திட்டத்தை வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும் என்றும், ஆபத்து வரக்கூடிய இடங்களோடு அதைத் தடுக்கும் வழிகளையும் அதில் எழுத வேண்டும் என்றும் சொல்கிறது. 2025-இல் வந்த திருத்தத்தின்படி, மாநகராட்சி உள்ள நகரங்களுக்குத் தனியாகவே ஒரு பேரிடர் ஆணையத்தை மாநில சர்க்கார் அமைக்கலாம். ஆக, சட்டத்தில் அஜாக்கிரதைக்கு இடம் இருக்கிறது. நாம் எழுதும் திட்டங்களில்தான் அது தலைப்பாக வருவதில்லை. எழுதினால் அடுத்த வரியில் ஒரு பெயரை எழுத வேண்டி வருமே!

பெயர் எழுதியே தீர வேண்டும் என்றால் சுலபமாக ஓர் ஆளைப் பிடித்துவிடுகிறோம். பள்ளத்தின் கரையில் குடிசை போட்டவன். அவனுக்கு 'ஆக்கிரமிப்பாளன்' என்று பெயர். அவனைக் கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் அனுப்பி, அடுக்குமாடியில் ஓர் அறை கொடுத்தோம். கரையில் குடியிருப்பது ஆபத்து என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குடிசையால் மட்டும் ஒரு பள்ளம் சாகாது. கரையை நெருக்கிய மதிலும், வாய்க்காலின் மேல் ஓடும் தார் ரோடும், குளத்தைக் கிழித்த சாலையும் ஆக்கிரமிப்பு இல்லையா? அவற்றுக்கு 'வளர்ச்சி' என்று பெயர் சூட்டிவிட்டால் தண்ணீர் மரியாதை கொடுத்து ஒதுங்கிப் போய்விடுமா?

இப்படிக் கேட்கிற யோக்கியதை எனக்கு உண்டா என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷத்துக்கு முன் நாங்கள் குடிவந்த தெருவின் ஓரமாக ஒரு சின்னப் பள்ளம் திறந்து கிடந்தது. கொசு, நாற்றம், பந்து பொறுக்கப் போகும் பிள்ளைகள் விழுந்துவிடுவார்களோ என்ற பயம். தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, அதை மூடித்தர வேண்டும் என்று மனுக் கொடுத்தோம். மனுவை அழகான தமிழில் எழுதியவன் நான்தான். குழாய் புதைத்து, கான்கிரீட் பலகை போட்டு மூடினார்கள். இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். இப்போது பலகையின் மேல் கார்கள் நிற்கின்றன. எங்கள் வீட்டில் இன்றுவரை ஒரு சொட்டு வெள்ளம் வந்ததில்லை. மூன்று தெரு தள்ளி, குழாய் முடிகிற இடத்தில், இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாவின் அடுப்புக்குள் மழைக்கு மழை வருகிறது. "என்ன பண்றதுங்க சாமி, மேகம் அப்படிப் பெய்யுது" என்கிறார் அவர். மேகம் அல்ல அம்மா, நான்தான் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

இதே ஊர் ஒரு காலத்தில் வேறு மாதிரி நடந்துகொண்டது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் கோவையைத் திரும்பத் திரும்பச் சூறையாடியது. ஜனங்கள் பிளேக் மாரியம்மன் என்று கோயில் எழுப்பினார்கள். அந்தக் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் அம்மனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. வீடும் வீடும் ஒட்டி நெருக்கமாகக் கிடந்த பழைய ஊரை விட்டு, அகன்ற வீதிகளோடு புதுப் பேட்டைகள் உண்டானதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். கோயிலும் கட்டினார்கள், வீதியையும் அகலமாக்கினார்கள். நாம் கோயில் மட்டும் கட்டுகிறோம். அதற்குத் திட்டம் என்று பெயர் வைத்து வருஷத்துக்கு ஒரு முறை வெள்ளையடிக்கிறோம்.

கடலுக்குக் கீழே குடியிருக்கும் டச்சுக்காரர்களைப் பாருங்கள். 1995-இல் ஆற்று வெள்ளத்துக்கு அஞ்சிச் சுமார் 2,50,000 பேரை ஊர்களிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். அதற்குப் பிறகு, கரையை மேலும் மேலும் உயர்த்துவதே வழி என்ற பிடிவாதத்தை விட்டு, பல இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளி ஆற்றுக்கு இடம் விட்டார்கள். தண்ணீரோடு நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டியவர்களே இறங்கி வந்தார்கள். வருஷத்தில் சில நாள் மட்டும் வருகிற பள்ளத்துக்கு இடம் விட நமக்கு என்ன தடை?

என் கோரிக்கை பெரிதல்ல. திட்டம் தமிழில் இருக்கட்டும். வார்டில் ஜனங்களைக் கூட்டிச் சத்தமாகப் படிக்கட்டும். எந்தச் சர்வே எண்ணில் எந்தப் பள்ளம் ஓடியது, அதன் மேல் இப்போது என்ன நிற்கிறது, அதற்கு அனுமதி தந்தது எந்த அலுவலகம் என்ற மூன்று விவரமும் அதில் இருக்கட்டும். ஆபத்தான சுவரைப் பற்றி ஒருவன் புகார் கொடுத்தால், கொடுத்த தேதியும், போய்ப் பார்த்த தேதியும், பார்த்தவர் பெயரும் இருக்கட்டும்.

அந்தத் தம்பி காகிதத்தை வாங்கிப் போக அடுத்த வாரம் வருவார். வடிகால் என்று இருந்த இடத்திலெல்லாம் அடித்துவிட்டுப் பள்ளம் என்று எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் தெருவின் பெயர் வருகிற பக்கத்தில், ஓரத்தில், இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறேன்: 'இங்கே ஓடிய பள்ளத்தை மூடச் சொல்லி மனு எழுதியவன்' என்று போட்டு, கீழே என் கையெழுத்து. அவருடைய மேலதிகாரி அதை அடித்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். அடிப்பதற்கு முன்னால் ஒரு தரம் படித்தாக வேண்டும் அல்லவா?