எட்டாயிரத்தோடு முடியாத வரி

ஆயுள் காப்பீட்டில் திரும்பி வரும் பணத்துக்கு வரியே கிடையாது என்று சொல்லித்தான் பல முகவர்கள் பாலிசி விற்கிறார்கள். இது பாதி உண்மை. இறப்புப் பலனுக்கு வரி இல்லை. ஆனால் 2012 ஏப்ரல் 1 முதல் எடுத்த பாலிசியில் ஆண்டு பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டினால், பொதுவாக முதிர்விலோ சரண்டரிலோ கிடைக்கும் லாபத்துக்கு வரி உண்டு. ஒரே தவணையில் கட்டும் பாலிசிகள் பலவற்றில் காப்பீட்டுத் தொகை கட்டிய பணத்தின் 1.25 மடங்குதான்; அவை அந்த வரம்பை எப்போதோ தாண்டியவை. பணி ஓய்வில் வந்த பணத்தை மொத்தமாகக் கொண்டுபோய்ப் போடுவதற்கு இவற்றைத்தான் காட்டுகிறார்கள் என்பது மனதை உறுத்துகிறது. கணக்கைப் பாருங்கள். 5 லட்சம் கட்டியவர் பத்தாண்டு கழித்து 9 லட்சம் பெறுகிறார். லாபம் 4 லட்சம். நிறுவனம் அதில் 2 சதவீதம், 8,000 ரூபாயை, டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறது. வரி தீர்ந்தது என்று அவர் நினைக்கிறார். தீரவில்லை. அந்த 4 லட்சம் அவருடைய அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்கிறது. முழுத் தொகையும் 20 சதவீத விகிதத்தில் வந்தால், செஸ்ஸோடு வரி 83,200 ரூபாய். பிடித்தது போக 75,200 ரூபாயை அவர்தான் கட்ட வேண்டும். பான் எண் கொடுக்காதவருக்குப் பிடித்தமே 20 சதவீதம். இத்தகைய பாலிசிகளின் முதல் பக்கத்திலேயே, "முதிர்வு லாபத்துக்கு வரி உண்டு" என்று தமிழில், பெரிய எழுத்தில் அச்சிடுவதைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்க வேண்டும்.