'வோஸ்' சரி, 'வந்தாக' மட்டும் தப்பா?

கொஞ்ச நாளா ஸ்பானிஷ் படிச்சிட்டு இருக்கேன். (டெபிட் கிரெடிட்டே டேலி ஆகல, இதுல ஸ்பானிஷ் வேறயான்னு கேக்கப்படாது :-))

ஆரம்பப் பாடமெல்லாம் ஜாலியா போச்சு. இடைநிலை இலக்கணத்துக்கு வந்ததும்தான் தலை சுத்துச்சு. ஒருத்தரை 'நீ'ன்னு சொல்ல ஸ்பெயின்ல 'தூ'. அர்ஜென்டினாவுல அதுவே 'வோஸ்'. அங்க 'தூ எரெஸ்'னா, இங்க 'வோஸ் சோஸ்'. நெருங்கின நாலு பேர்கிட்ட பேசினா ஸ்பெயின்ல 'வோசோத்ரோஸ்', லத்தீன் அமெரிக்காவுல 'உஸ்தேதெஸ்'. அதுக்கேத்தபடி வினைச்சொல்லோட வாலும் மாறும். 'குவாகுவா'ன்னா கியூபாவுல பஸ், சிலியில கைக்குழந்தை!

இதையெல்லாம் கிளாஸ்ல சொன்னப்போ எல்லாரும் வாயைப் பொளந்து கேட்டாங்க. "மெஸ்ஸி ஊர்ப் பேச்சாடா? செம!"ன்னாங்க.

அதே ஆளுங்க, நான் "சார் வந்தாக"ன்னு சொன்னா மட்டும் ஏன் விழுந்து விழுந்து சிரிக்கணும்?

என் ஊர் தேவதானம். ராஜபாளையத்துல இருந்து தென்காசி போற ரோட்டுல, சேத்தூர் தாண்டி, மலையடிவாரத்துல இருக்கு. எங்க பக்கம் 'அவுக வந்தாக', 'நீங்க எப்ப வந்தீக'ன்னுதான் பேசுவோம். திருநெல்வேலிப் பக்கம் போனா 'வந்தாவ'. யாழ்ப்பாணத்துல 'வருகினம்'. இதெல்லாம் பிழைன்னா, மகாஜனங்களே, 'வந்தாங்க' மட்டும் எப்படிச் சரி? எழுத்துல இருக்கறது 'வந்தார்கள்'. அது தேஞ்சு உங்க வாயில 'ங்க' ஆச்சு, எங்க வாயில 'க' ஆச்சு. ரெண்டு பேருமே தேச்சவங்கதான். இதுல யாரு யாரைத் திருத்தறது?

'மெதுவா'ன்னு சொல்ல நாங்க 'பைய'ன்னு சொல்லுவோம். அதுக்கும் ஒரு சிரிப்பு. 1098ஆம் குறளை எடுத்துப் பாருங்க, அந்த 'பைய' அங்க உக்காந்திருக்கு. வள்ளுவரையும் பட்டிக்காட்டான்னு சொல்லுவீங்களா?

ஸ்பானிஷ்காரங்க இதை எப்படிச் சமாளிச்சாங்க? மாட்ரிட்ல 1713லயே மொழிக்கு அகாடமி வெச்சாங்க. 1951ல பல நாட்டு அகாடமிகளும் சேர்ந்து ஒரு சங்கம் ஆச்சு. எல்லாரும் சேர்ந்து 2009ல வெளியிட்ட இலக்கணத்துல 'வோஸ்'ஸும் இருக்கு. நம்மகிட்டயும் ஒருத்தர் இருந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காத இடைசெவல் கி.ராஜநாராயணன், 1982லயே கரிசல் வட்டார வழக்குக்குத் தனி அகராதி கொண்டுவந்தார். 2021ல அவர் போனப்ப ஸ்டேட்டஸ் போட்ட கூட்டம்தான் என் பேச்சுக்கும் சிரிக்குது. என்ன கொடுமை சார் இது!

"அப்ப பரீட்சையிலயும் 'லாபம் வந்துச்சு'ன்னு எழுதுவியா?"ன்னு ஒருத்தன் கேட்டான். எழுத மாட்டேன். எல்லாருக்கும் புரிய ஒரு பொதுத்தமிழ் கண்டிப்பா வேணும். ஆனா பொது நடைன்னு ஒண்ணு இருக்கறதால வீட்டுப் பேச்சு தப்பாயிடாது. இன்டர்வியூவுக்கு ஷூ போட்டுட்டுப் போறோம்ங்கறதுக்காக, வீட்டுக்குள்ள வெறுங்கால்ல நடக்கறவரைக் கேவலமா பாக்கறோமா?

இவ்வளவு வாய் கிழியப் பேசறேனே, முதல் குற்றவாளி நான்தான்.

போன வருஷம் ஹாஸ்டல்ல பசங்க சுத்தி உக்காந்திருந்தப்ப ஆச்சி போன் பண்ணுச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். "எய்யா, ஒங்க மாமா வந்தாக, ஒன்னையத்தான் கேட்டாக"ன்னுச்சு. பசங்க சிரிச்சுட்டானுங்க. எனக்கு மானம் போச்சு. "ஆச்சி, வந்தாங்க, கேட்டாங்கன்னு சொல்லு"ன்னு அதட்டுனேன்.

அதுக்கப்புறம் நான் போன் பண்ணினா, "சாப்டியா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆச்சி போனை அம்மாகிட்ட குடுத்துரும். அரை மணி நேரம் ஊர்க்கதை பேசின ஆச்சி அது. காது சரியா கேக்கலையாக்கும்னு நெனச்சேன். 'வோஸ்' பாடம் படிச்ச அன்னைக்குத்தான் உறைச்சுது, தப்பா பேசிருவோமோன்னு அதுக்குப் பயம்.

எங்கேயோ இருக்கற அர்ஜென்டினாக்காரன் வாய்க்குக் குடுத்த மரியாதையை என்னை வளர்த்த வாய்க்கு நான் குடுக்கல.

பொங்கலுக்கு ஊருக்குப் போறேன். ஆச்சி எதிர்ல உக்காந்து, "நம்ம வீட்டுக்கு யாரெல்லாம் வந்தாக?"ன்னு கேக்கப் போறேன். நீங்களும் இன்னைக்கு உங்க வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. திருத்தாம கேளுங்க.