பாறையே இல்லாத ஊரிலிருந்து

எங்க ஊர் திருவாரூர். எவ்வளவு தோண்டினாலும் களிமண்ணும் மணலும்தான் வரும். வீடு கட்ட ஜல்லி வேணும்னா புதுக்கோட்டைப் பக்கத்துல இருந்து லாரி வரணும். அதனாலயோ என்னவோ, சிவில் படிக்கிற எனக்கே ஜியாலஜி "பாஸ் ஆனா போதும்" பேப்பராத்தான் இருந்துச்சு. அது தப்புன்னு இப்ப நினைக்கிறேன்.

நாம நிக்கிற கண்டத் தட்டுக்கு, அதாவது லித்தோஸ்பியருக்கு, ஒரு தடிமன் உண்டு. இன்னைக்கு அது எவ்வளவுன்னு நிலநடுக்க அலைகள் சொல்லும். பல கோடி வருஷத்துக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சு? அதுக்கு எரிமலைப் பாறையைத்தான் கேட்கணும்.

தட்டு ஒரு மூடி மாதிரி. மெல்லிசா இருந்தா, சூடான மேன்டில் மேலே ஏறும். அழுத்தம் குறைஞ்சு நிறைய உருகும். தடிமனா இருந்தா ஆழத்துலயே கொஞ்சமாத்தான் உருகும். ஆழத்துல இருக்கிற கார்னெட் கனிமம் இட்டெர்பியம் மாதிரி தனிமங்களைப் பிடிச்சு வச்சுக்கும். லாவாவுல அது குறைஞ்சிருந்தா, ஆழத்துல உருகியதுன்னு அர்த்தம். கிம்பர்லைட் பாறையில வைரம் வந்தா இன்னும் தெளிவு. அங்க தட்டு சுமார் 150 கிலோமீட்டருக்கு மேல தடிமனா இருந்திருக்கணும்.

ஆந்திராவின் வஜ்ரகரூர்ல சுமார் 110 கோடி வருஷத்துக்கு முன்னாடி வந்த கிம்பர்லைட்ல வைரம் இருக்கு. ஆனா 2007-ல ஹைதராபாத், ஜெர்மனி விஞ்ஞானிகள் அலைகளை வச்சு, இந்தியத் தட்டு இப்போ சுமார் 100 கிலோமீட்டர்தான்னு 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. கோண்ட்வானா உடைஞ்சப்போ அடிப்பகுதி உருகிடுச்சு, அதனாலதான் இந்தியா வேகமா நகர்ந்துச்சுன்னு அவங்க வாதம். இன்னும் தடிமன் அதிகம்னு சொல்ற ஆய்வுகளும் இருக்கு.

இங்கதான் பாறை குறுக்கே வருது. சத்தீஸ்கர்ல சுமார் 6.5 கோடி வருஷத்துக்கு முன்னாடி, தக்காண லாவா கொட்டின அதே காலத்துல வந்த கிம்பர்லைட்லயும் வைரம் இருக்கு! கோண்ட்வானா உடைஞ்சது அதுக்கும் ரொம்ப முன்னாடி. அப்பவே அடி கரைஞ்சிருந்தா இந்த வைரம் எப்படி வந்துச்சு? அந்த இடத்துலயாவது தட்டு தடிமனாத்தானே இருந்திருக்கணும்? கருவி இன்றைய நிலையைச் சொல்லும். பழைய கணக்கு பாறையில இருக்கு. ரெண்டும் வேணும்.

"இதெல்லாம் டெல்டாக்காரனுக்கு எதுக்கு?"ன்னு கேட்கலாம். இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிஞ்சப்போ தட்டு இழுபட்டு, மெலிஞ்சு, பள்ளமாகி, அதுல வண்டல் நிரம்பினதுதான் காவிரிப் படுகை. எண்ணெயும் எரிவாயுவும் அங்க சேர்ந்ததால்தான் மீத்தேன், ஹைட்ரோகார்பன்னு இத்தனை போராட்டம். 2020-ல பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் வந்துச்சு. நம்ம வயலுக்கு அடியில என்ன இருக்குன்னு யாரோ ஒரு ரிப்போர்ட் எழுதுவாங்க. அதைப் படிச்சு எதிர்க்கேள்வி கேட்க நமக்குத் தெரிய வேண்டாமா? கோஷம் மட்டும் போதாதுங்க.

ஜூனியர்ஸ், லேப் அலமாரியில தூசி படிஞ்ச பாறைப் பெட்டி ஒண்ணு இருக்கும். வைவாவுக்கு முந்தின நாள் மட்டும் அதைத் திறக்காதீங்க.