பூண்டு இருக்கட்டும்... மாத்திரையை நிறுத்தாதீங்க!

ஓசூர் மார்க்கெட்டில் பூண்டுக்கு மூன்று பெயர். தமிழில் பூண்டு, தெலுங்கில் வெல்லுல்லி, கன்னடத்தில் பெள்ளுள்ளி. எந்தப் பெயரில் வாங்கினாலும் நம்பிக்கை மட்டும் ஒன்றுதான். "தினம் நாலு பல் பூண்டைப் பால்ல வேக வச்சுச் சாப்பிடுங்க... பி.பி. தானா இறங்கிடும்!"

இதில் உண்மை இல்லாமல் இல்லை. பூண்டை நசுக்கும்போது அல்லிசின் என்ற பொருள் உண்டாகிறது. அது கிருமிகளைக் கட்டுப்படுத்தும் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் 1944-லேயே கண்டறிந்தார்கள். ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்குப் பூண்டு அதை ஓரளவு குறைப்பதாகவும் சில ஆய்வுகள் சொல்கின்றன.

ஆனால் ஒன்று கவனியுங்கள். முழுப் பல்லாகவே வேக வைத்தால், அல்லிசினை உண்டாக்கும் நொதி சூட்டில் அழிந்துவிடும். அதனால் பூண்டை நசுக்கி, பத்து நிமிடம் வைத்திருந்து, பிறகு அடுப்பில் போடுங்கள். கொலஸ்ட்ரால் விஷயத்திலும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் (2007) ஆறு மாதம் பூண்டு சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் குறையவில்லை.

என் கவலையெல்லாம் வேறு. சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் கணவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. பி.பி. இருப்பது தெரிந்து டாக்டர் மாத்திரை எழுதுகிறார். "காலம் பூரா மாத்திரையா?" என்று நிறுத்திவிட்டுப் பூண்டுக்கு மாறினால் என்ன ஆகும்? பி.பி. வலிக்காது, பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்து நிற்கும்.

பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது எங்கே தெரியுமா? நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி வரும் மாத்திரையை டப்பாவில் போட்டு மூடி வைக்கலாமா?

இன்னொன்று. பூண்டு ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். ஆஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிடுபவர்களும், ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்களும், மருந்தாகப் பூண்டு சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பச்சைப் பூண்டை அரைத்துக் குழந்தைகளின் தோலில் பூசவே கூடாது. புண்ணாகிவிடும்.

ரசத்தில் தட்டிப் போடுங்கள், குழம்பில் தாராளமாகச் சேருங்கள். பூண்டு நல்ல உணவு. மாத்திரையின் வேலையை மாத்திரையே செய்யட்டும். நிறுத்துவதா, குறைப்பதா என்பதை டாக்டர் சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல வேண்டாம்!