மீசையா, மூளையா?

காவல் பணிக்கு மீசை வேண்டும், முரட்டுத் தோள் வேண்டும், மெல்லியலாளுக்கு அங்கென்ன வேலை என்று கேட்போர் இன்னும் உளர். சூல் கொண்டவளோ மூலையில் முடங்கிக் கிடக்க வேண்டுமாம்!

அவர்கள் 1996இல் வெளிவந்த 'ஃபார்கோ' என்னும் அமெரிக்கப் படத்தைக் காணட்டும். கோயன் உடன்பிறந்தார் ஆக்கிய படம். பனி மூடிய பிரெய்னர்ட் என்னும் சிற்றூரின் காவல் தலைவி மார்ஜ், ஏழு மாதக் கர்ப்பிணி. அவ்வேடம் ஏற்ற ஃபிரான்சஸ் மெக்டார்மண்ட் ஆஸ்கர் பரிசு பெற்றார்.

நெடுஞ்சாலையில் மூன்று பிணங்கள். மார்ஜ் குனிகிறாள். தடயமோ என்கிறார் உதவியாளர். மசக்கையாம்! நிமிர்கிறாள், பணியைத் தொடர்கிறாள். பனியில் பதிந்த காலடி கண்டு, கொன்றவன் பேருடலினன் என்கிறாள். இறந்த காவலர் குறித்த 'டி.எல்.ஆர்.' என்பதை வண்டி எண்ணின் தொடக்கமெனத் தேடுகிறார் உதவியாளர். அது டீலரின் வண்டி என்பதை உணர்த்துகிறாள் அவள். அடித்தாளா? உதைத்தாளா? இல்லை, எண்ணிப் பார்த்தாள்! துப்பாக்கியை எடுப்பதும் இறுதியில்தான். ஓடும் கொலைஞனைக் காலில் சுட்டுப் பிடிக்கிறாள்.

நகைப்புக்கு இலக்காவோர் யார்? பணத்துக்காகத் தன் மனைவியையே கடத்த ஆள் அமர்த்திய கணவன்! வாய்வீரம் பேசும் கூலிக் கயவன்!

"வெறுங்கதை" என்பர். ஆம், 1987இல் நடந்த உண்மை என்று முகப்பில் காட்டுவதும் புனைவே. கதை புனைவு, அது கேட்கும் கேள்வியோ புனைவன்று. சூல் கொண்டவளுக்கு ஓய்வளிப்பது உரிமை. தகுதியற்றவளென ஒதுக்குவது கொடுமை. வயிறு கனத்தால் அறிவு மழுங்குமோ? மழுங்கியிருப்பது, அப்படி நினைப்போர் மூளையன்றோ!