படியில்லாத குளங்கள்: பண்ணை வீட்டு நீச்சல் குளங்களில் சிற்றுயிர்கள் சாவது குறித்து நமது நிலைப்பாடு

நம் சங்கத்தின் ஆவணி மாதச் செயற்குழுவில் இதைப் பற்றி நடந்த விவாதத்தை உறுப்பினர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. கிளியனூர் சுற்றுவட்டாரப் பண்ணை வீட்டு உரிமையாளர்கள் சிலர் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதமும் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. குளத்தில் பிராணி விழுவது இயற்கை, அதற்கு உரிமையாளர் பொறுப்பல்ல, காலையில் அள்ளிப் போடுவது காவலாளியின் வேலை என்பது அதன் சாரம். பதில் சொல்லாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் இந்த அறிக்கை. மூன்று முறை திருத்தியிருக்கிறோம். முதல் வரைவில் 'கொலை' என்ற சொல் இருந்தது. சிலர் ஆட்சேபித்ததால் 'தவிர்க்கக்கூடிய சாவு' என்று மாற்றினோம். 'தவிர்க்கக்கூடிய' என்பதைக் கொஞ்சம் அழுத்திப் படிக்கவும்.

நம் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கிழக்கே மரக்காணம் வரை கண்ணுக்குத் தெரியும் தண்ணீரில் பாதி குடிக்க ஆகாதது. உப்பளப் பாத்திகள், பக்கிங்காம் கால்வாய், கடல் நீர் ஏறும் கழுவெளி. கோடையில் ஏரிகள் வெடித்துக் கிடக்கும்போது சவுக்குத் தோப்பிலும் முந்திரிக் காட்டிலும் இருக்கும் கீரி, முயல், உடும்பு, மரநாய், அணில் எல்லாம் நல்ல தண்ணீரின் வாடையைத் தேடித்தான் வரும். அந்த நேரத்தில் நிரம்பி நிற்பது நீச்சல் குளம் ஒன்றுதான். ஐப்பசியில் முதல் மழை இறங்கியதும் கதை வேறு: இணை தேடிக் கிளம்பும் தேரைகளும் தவளைகளும், நீருக்கடியில் விடிய விடிய எரியும் நீல விளக்குக்கு வரும் பூச்சியைத் தொடர்ந்து நேராக உள்ளே விழுகின்றன. கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது, 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே பூநாரை பார்க்க வருகிறவர்கள் தங்கும் வீட்டின் கொல்லையில்தான் இது நடக்கிறது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

விழுவது இயற்கை என்கிறார்கள். இருக்கட்டும். ஏறி வர முடியாமல் போவது எந்த இயற்கை? நம் ஊரில் குளம் என்று பெயர் வைத்தால் படி இருக்கும். கோயில் குளத்துக்கு நான்கு பக்கமும் படி. ஏரிக்குக் கரைச் சரிவு. மாடு இறங்கும், ஆடு இறங்கும், ஓணான் விழுந்தால் அடுத்த கல்லைப் பற்றி ஏறிவிடும். இறங்குகிறவர் ஏறவும் வேண்டும் என்று கட்டியவனுக்குத் தெரிந்திருந்தது. இப்போது கட்டுவதற்கும் குளம் என்றுதான் பெயர். ஆனால் செங்குத்தான சுவர், வழவழ டைல்ஸ், தண்ணீருக்கு அரையடி மேலே உள்பக்கம் துருத்திய விளிம்புக் கல், மனிதருக்கு மட்டும் ஒரு ஸ்டீல் ஏணி. உடல் நனைந்த அணிலுக்கு அந்த அரையடி ஒரு மதில். தவளைக்கு நீந்தத் தெரியும், சாகாமல் எத்தனை மணி நேரம் நீந்தும் என்பதுதான் கேள்வி.

பங்குனியில் நம் உறுப்பினர்கள் இருவர் ஒரு வீட்டார் கூப்பிட்டுப் போனார்கள். குளத்தில் ஒரு கீரி மிதந்தது. வலையால் எடுத்தபோது முன்கால் நகங்கள் மழுங்கிப் போயிருந்தன. பிறகுதான் சுவரைப் பார்த்தார்கள். நீர்மட்டத்தை ஒட்டி டைல்ஸ் இடுக்கில் பூசிய வெள்ளைச் சிமெண்ட், நான்கு சுவரிலும், சுற்றிச் சுற்றிக் கீறப்பட்டிருந்தது. ஒரே இடத்தில் முயன்று சோர்ந்துபோன பிராணியல்ல அது. குளம் முழுவதையும் வலம் வந்து வழி கேட்டிருக்கிறது. கடிதம் எழுதியவர்கள் இயற்கை என்று சொல்வது இதைத்தான்.

பிராணிகள் ஏறி வர வழி வைக்கச் செலவு அதிகம் என்ற வாதத்தைக் குழு ஏற்கவில்லை; இதில் மட்டும் ஒருமனதாக. அமெரிக்காவில் ரிச் மேசன் என்ற வனவிலங்கு ஆய்வாளர் தவளைகள் குளத்தில் சாவதை அறிந்து திண்டும் சிறு சரிவும் சேர்ந்த மிதவை ஒன்றை வடிவமைத்தார், அது கடையில் விற்கிறது. நமக்கு அதுகூட வேண்டாம். ஒரு கோணிச் சாக்கு அல்லது தென்னை நார் விரிப்பு, அதன் ஒரு முனையைக் கரையில் கல் வைத்து அழுத்தி, மறுமுனையில் கல் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினால் போதும். மூன்று விஷயம் தவறக்கூடாது. விழுந்த பிராணி சுவரை ஒட்டியே நீந்தும், ஆகவே சாக்கு சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், பின்னால் இடைவெளி விட்டால் அதைத் தாண்டிப் போய்விடும். முனை நீர்மட்டத்துக்குக் கீழே நன்றாக இறங்கியிருக்க வேண்டும். சாக்குக்குப் பதில் பலகை வைத்தால் சரிவு 45 பாகைக்கு மேல் போகக்கூடாது. ஒன்று போதாது, மூலைக்கு ஒன்று. குளத்துக்கு வெளியே ஒரு மண் தட்டில் நல்ல தண்ணீர் வைத்தால் பிராணிகள் பல விளிம்புக்கே வராமல் போகலாம்.

மற்றவை சுருக்கமாக. நீருக்கடி விளக்கை இரவு பத்து மணிக்கு அணைக்க வேண்டும். தார்ப்பாய் மூடுவதானால் இழுத்துக் கட்ட வேண்டும். தொய்ந்து மழைநீர் தேங்கினால் அது இரண்டாவது பொறி. வேலி, சுவர் பற்றி: குஜராத்தின் கிர் காட்டைச் சுற்றித் திறந்த கிணறுகளில் சிங்கம் விழுந்து செத்ததால் கைப்பிடிச் சுவர் கட்டினார்கள், அது சிங்கத்துக்குச் சரி, தேரைக்கு ஆகாது. எலி விஷம் வைத்து 'வராமலே செய்வது' என்ற யோசனை இந்தச் சங்கத்தில் இனி விவாதத்துக்கு எடுக்கப்படாது. பாம்பு குறித்துக் கருத்து ஒன்றுபடவில்லை. சாக்கு வழியே பாம்பும் ஏறும், ஏறட்டும், காலையில் குளிக்க இறங்கும் குழந்தையோடு அது தண்ணீரில் இருப்பதைவிட மேல் என்பது பெரும்பான்மையினர் கருத்து. பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக் குட்டைகளும் இதே வகைப் பொறிதான் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அவற்றை வைத்திருப்பவர்கள் நம் உறுப்பினர்களே. எனவே முடிச்சுக் கயிறு கட்டும்படி இப்போதைக்கு வேண்டுகோள் மட்டும். இது போதாது என்று மூவர் பதிவு செய்திருக்கிறார்கள்.

சட்டம் பற்றி மிதமாகச் சொல்லும்படி வழக்கறிஞர் உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டார்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. உயிரினங்களிடம் இரக்கம் காட்டுவது அரசியலமைப்பின் 51-ஏ(ஜி) பிரிவின்படி குடிமகனின் கடமை. யார் மீதும் வழக்கு என்று நாம் சொல்லவில்லை. இதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நிறுத்த முடியாதது ஒன்று உண்டு. செத்ததை அள்ளுவது காவலாளியின் வேலை என்ற வரி. விடிகாலையில் வலையோடு நிற்கிறவர்தான் ஊதிப்போன தேரையையும் நூலாய் ஒட்டிய வாலோடு மிதக்கும் அணிலையும் எடுக்கிறார், விருந்தாளி எழுவதற்குள் புதைக்கிறார். தண்ணீர் கெட்டதென்று ஒரு வீட்டில் அவர் சம்பளத்திலேயே பிடித்திருக்கிறார்கள். சாக்குப் போட அனுமதி கேட்டவரிடம் 'பார்க்க அசிங்கமாக இருக்கும்' என்று சொன்னவர்கள், செத்த தேரையைத் தங்கள் கையால் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதியிருக்கலாம்.

ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வொரு குளத்திலும் நான்கு சரிவு இருக்க வேண்டும் என்று கூடுமான வரை பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். சாக்கு வேண்டுவோர் ஞாயிறு காலை சங்க அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். கல் மட்டும் அவரவர் கொண்டுவரவும்.