சில துளிப் பாலின் காவல்

ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு முன், ஒரு மாலைப் பொழுதில், பல ஆண்டுகளுக்கு முன்னர் நம்மிடம் உயிரியல் பயின்ற மாணவர் ஒருவர் நமது வீடு தேடி வந்தார். அவருடைய மனைவி முப்பதாவது வாரத்திலேயே ஒரு பெண் மகவை ஈன்றிருந்தார். குழந்தையின் எடை 1,300 கிராம். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியினுள் வைத்துப் பேணி வந்தனர். தாய்க்கோ பால் சுரப்பு மிகவும் குறைவு. பிழிந்தெடுத்தால் ஒரு தேக்கரண்டி அளவுகூடத் தேறவில்லை.

"இந்தச் சில துளிகளுக்காக அவள் இரவு பகலாகக் கண்விழித்து வருந்துகிறாள், சேர். பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் பிள்ளை கெதியாகத் தேறிவிடும் என்று மாமி சொல்கிறார். இந்தத் துளிகளால் உண்மையிலேயே பயன் உண்டா?" என்று அவர் கேட்டார்.

நாம் வைத்தியர் அல்லோம். குழந்தைக்கு எதனை எவ்வளவு ஊட்டுவது என்பதை அங்குள்ள வைத்தியர்களே தீர்மானிக்க வேண்டும். ஆயினும், அவர் கேட்ட கேள்விக்கு விஞ்ஞானம் ஒரு விடை வைத்திருக்கின்றது. அன்று அவருக்குக் கூறியதையே இன்று வாசகர்களுக்கும் கூற விழைகின்றோம்.

மாதங் குறைந்து பிறக்கும் குழந்தைகளை அச்சுறுத்தும் நோய்களுள் ஒன்று குடலைப் பற்றியது. குடலின் சுவர் அழன்று, சிவந்து, வீங்கி, ஈற்றில் பகுதி பகுதியாக இறந்துபடும். வைத்தியர்கள் இதனை நெக்குறோற்றைசிங் என்ரரோகொலைற்றிஸ் என்பர். நாம் குடல் நசிவழற்சி என்று வைத்துக்கொள்வோம். 1,500 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறக்கும் குழந்தைகளுள் நூற்றுக்கு 5 முதல் 10 வரையானோரை இது பீடிக்கின்றது. அவர்களுள் நாலில் ஒரு பங்கினர் அளவில் உயிரிழக்கின்றனர். பிறந்த அன்றே இந்நோய் தோன்றுவது அரிது. பாலூட்டத் தொடங்கி, குழந்தை தேறி வருகின்றது என்று பெற்றோர் மகிழ்ந்திருக்கும் இரண்டாம், மூன்றாம் வாரங்களிலேயே பெரும்பாலும் தலைகாட்டும்.

இந்த அழற்சியை மூட்டுவது யாது? கிருமிகள் என்று நாம் உடனே கூறிவிடலாம். அது பாதி உண்மையே. மற்றப் பாதி, குழந்தையின் உடலிலேயே இருக்கின்றது.

குடலின் உட்சுவரிலுள்ள கலங்களின் மேற்பரப்பில் சில புரதங்கள் காவலர் போல் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் 'டோல் போன்ற வாங்கி 4'. சிலவகைப் பற்றீரியாக்களின் மேலுறையில், கொழுப்பும் வெல்லமும் இணைந்த ஒரு பொருள் உண்டு. அப்பொருள் தென்பட்டதும் இக்காவலன் அபாய மணியை அடித்துவிடும். இந்த உண்மையை 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புரூஸ் பொய்ற்லர் என்பவரும் அவர் குழுவினரும் சுண்டெலிகளைக் கொண்டு நிறுவினர். அதற்காக அவர் 2011ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இந்தப் புரதம் கருவிலிருக்கும் சிசுவின் குடலில் மிகுதியாக இருக்கின்றது. குடலின் வளர்ச்சியிலேயே அதற்கு ஒரு பங்கு உண்டு என ஆய்வாளர் கண்டுள்ளனர். மாதம் நிறைய நிறைய அதன் அளவு தணிந்துவிடும். ஆனால் மாதங் குறைந்து பிறந்த குழந்தையின் குடலிலோ, அது தணியுமுன்னரே பற்றீரியாக்கள் வந்து குடியேறிவிடுகின்றன. காவலர் தொகை மிகுந்த வீட்டில் அந்நியர் பலர் ஒரே வேளையில் நுழைந்தால் என்ன நிகழும்? மணி ஓயாது ஒலிக்கும். குடற்சுவரின் கலங்கள் மடியும். சிறு குருதிக் குழாய்கள் சுருங்கும். குருதி குன்றிய சுவர் நசியும். வீட்டைக் காக்க வந்தவனே வீட்டுக்குத் தீ வைத்த கதைதான் இது.

இனித் தாய்ப்பாலுக்கு வருவோம். 1892ஆம் ஆண்டில் ஜேர்மனியில் போல் ஏர்லிக் என்ற அறிஞர் ஓர் எளிய பரிசோதனையைச் செய்தார். அவர் பயன்படுத்திய நஞ்சுகள் நம் வேலியோரத்துக்குப் புதியவை அல்ல. ஒன்று, பொற்கொல்லர் பொன் நிறுக்கப் பயன்படுத்திய குன்றிமணியின் நஞ்சு. மற்றொன்று, ஆமணக்கு விதையின் நஞ்சு. இவற்றைச் சுண்டெலிகளுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்து, அந்நஞ்சைத் தாங்கும் வலிமையை அவற்றுக்கு உண்டாக்கினார். பின்னர்க் குட்டிகளை மாற்றி வைத்தார். வலிமையற்ற தாய்க்குப் பிறந்த குட்டிகள், வலிமை பெற்ற தாயிடம் பால் குடித்தன. அக்குட்டிகளும் நஞ்சைத் தாங்கின! ஈன்றவள் கொடாததை ஊட்டியவள் கொடுத்தாள். பாலில் உணவைத் தவிர வேறொன்றும் செல்கின்றது என்பது அன்று தெளிவாயிற்று.

அந்த வேறொன்றைப் பிறபொருளெதிரி என்கிறோம். அதுவும் ஒரு புரதமே. மனிதரில் இது இரு வழிகளாற் குழந்தையை அடைகின்றது. ஒருவகை, சூல்வித்தகத்தினூடாகத் தாயின் குருதியிலிருந்து சிசுவின் குருதிக்குச் செல்லும். ஆனால் இதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களிலேயே கடத்தப்படுகின்றது. முப்பதாம் வாரத்திற் பிறந்த குழந்தை அந்தச் சீதனத்தின் பெரும்பங்கை இழந்தே பிறக்கின்றது. மற்றொரு வகை, பாலில் வரும் இமியூனோகுளோபுலின் ஏ. இது மனிதக் குழந்தையின் குருதியிற் பெரிதும் கலப்பதில்லை. குடலிலேயே தங்கித் தொழில் புரிகின்றது. பிறந்து சில வாரங்கள் வரை குழந்தை இதனைத் தானாக ஆக்குவது அரிது. ஆதலால் அக்காலத்தில் அதற்குத் தாய்ப்பாலே கதி.

இப்புரதம் பற்றீரியாவின் மேற்பரப்பைப் போர்த்துவிடுகின்றது. போர்த்தப்பட்ட பற்றீரியா குடற்சுவரில் எளிதில் ஒட்ட இயலாது. காவலனையும் அவ்வளவாகச் சீண்டாது. அழற்சியை மூட்டாமலே பகையை அடக்குவது இதன் தனிச்சிறப்பு. இன்னும் ஒரு விந்தை உண்டு. தாயின் குடலில் வாழும் பற்றீரியாக்களை அறிந்துகொண்ட கலங்களே அங்கிருந்து மார்பகத்துக்குச் சென்று இதனை ஆக்குகின்றன. தாய் வாழும் சூழலில் எந்தக் கிருமிகள் உண்டோ, அவற்றுக்கேற்ற காவல் அவள் பாலில் அமைகின்றது.

இவை ஏட்டளவிலான விளக்கங்கள் மட்டும் அல்ல. இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து, 1990ஆம் ஆண்டில் லூக்காஸ், கோல் என்னும் இருவர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். புட்டிப்பால் மட்டும் பெற்ற குழந்தைகளிடையே குடல் நசிவழற்சி, தாய்ப்பால் மட்டும் பெற்றவர்களிடையே கண்டதைவிட ஆறு முதல் பத்து மடங்கு மிகுதியாக இருந்தது. இரண்டையும் கலந்து பெற்றவர்களிடையேகூட நோய் குறைந்தே காணப்பட்டது. 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகர ஆய்வாளர்கள், நோயுற்ற குழந்தைகளின் குடலில் இமியூனோகுளோபுலின் ஏயினாற் போர்த்தப்படாத பற்றீரியாக்கள் நோய்க்கு முன்னரே பெருகியிருந்தமையைக் கண்டனர். அப்புரதமற்ற பாலைக் குடித்த சுண்டெலிக் குட்டிகளுக்கும் போதிய காவல் கிட்டவில்லை.

அப்படியாயின் வேண்டிய புரதத்தைப் பிரித்தெடுத்துப் புட்டியிற் கலந்துவிடலாமே என்று மாணவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. லக்ரோபெரின் என்பதும் பாலிலுள்ள ஒரு காவற் புரதமே. பசுப்பாலிலிருந்து பிரித்த அப்புரதத்தைப் பிரித்தானியாவில் 2,200க்கு மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளைக் கொண்டு பரிசோதித்தனர். 2019இல் வெளிவந்த முடிவு ஏமாற்றமே தந்தது. அதனைப் பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே தொற்று நோயில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தாய்ப்பால் ஒரு தனி மருந்து அன்று. பல புரதங்களும், வெல்லங்களும், அழற்சியைத் தணிக்கும் காரணிகளும் ஒன்றுகூடி இயங்கும் ஒரு தொகுதி அது. ஒரு வீணையின் ஒரு நரம்பை மட்டும் அறுத்தெடுத்து மீட்டினால் இசை பிறக்குமா?

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். நம் ஊரார் கடும்புப்பால் என்று கூறும் முதற்பால் அளவிற் சிறிது. ஆனால் இமியூனோகுளோபுலின் ஏ மிகச் செறிந்திருப்பது அதிலேதான். "தம்பி, அந்தத் துளிகளை உணவென்று அளந்தால் அவை சொற்பம். காவலென்று எண்ணினால் அவை சொற்பமல்ல. வைத்தியர் அனுமதிக்கும் அளவில் ஒரு துளியையும் வீணாக்க வேண்டாம் என்று மாமியிடம் சொல்லும்" என்றோம்.

மற்றொன்றையும் கூறினோம். தாய்ப்பால் பெற்ற குழந்தைகளுக்கும் இந்நோய் வருவதுண்டு. எவ்வளவு முயன்றும் பால் சுரவாத தாய்மாரும் உளர். அது அவர்களின் குற்றம் அன்று. சில நாடுகளில் பிற தாய்மார் கொடையாக அளிக்கும் பாலைச் சூடாக்கித் தூய்மை செய்து ஊட்டுகின்றனர். சூட்டினால் காவற் புரதங்களில் ஒரு பகுதி அழிந்தாலும், புட்டிப்பாலைவிட அது இந்நோயைக் குறைக்கின்றது. ஆகவே தாயைக் கடிந்து பயனில்லை. அவள் உறங்கவும், உண்ணவும், மனம் அமைதியுறவும் வீட்டார் துணை நிற்பதே செய்யத்தக்கது.

சென்ற வாரம் அவர் மீண்டும் வந்தார். குழந்தை 1,900 கிராமை எட்டிவிட்டதாம். மாமியே இப்பொழுது இரவில் எழுந்து, பால் எடுக்கும் கிண்ணங்களைக் கொதிநீரிற் கழுவிக் கொடுக்கின்றாராம். பாலினாலேதான் குழந்தை பிழைத்தது என்று நாம் எழுதமாட்டோம். ஒரு குழந்தையைக் கொண்டு எதையும் நிறுவ இயலாது என்று வகுப்பிற் கற்பிப்பவர் அல்லமோ நாம்? ஆயினும் அந்தச் செய்தியைக் கேட்ட பொழுது நமக்கு உண்டான மகிழ்ச்சிக்குப் புள்ளிவிவரம் எதுவும் தேவைப்படவில்லை.